புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் எதற்கு?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் 616.462 என்றும் 894.8113 என்றும் எண்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கணினியில் தலைப்பைத் தட்டினால் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்த எண்? அகர வரிசையில் அடுக்கிவிட்டால் யாருக்கும் குழப்பம் இருக்காதே?

நியாயமான கேள்விதான். எங்கள் நூலகத் துறைக்காரர்கள் இதற்குப் பரீட்சைத் தாள் பாணியில் பதில் சொல்லியே ஆளை விரட்டிவிடுவார்கள். நான் அகர வரிசையிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று நூலகத்துக்குப் போகிறீர்கள். தலைப்பின் அகர வரிசையில் அடுக்கியிருந்தால், 'சர்க்கரை' என்று தொடங்கும் புத்தகம் ஒரு மூலையில், 'நீரிழிவு' என்று தொடங்குவது இன்னொரு மூலையில், 'டயாபடீஸ்' வேறொரு அலமாரியில், 'இன்சுலின்' வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். 'உங்கள் உடல் உங்கள் கையில்' என்கிற மாதிரி பொதுவாகப் பெயர் வைத்துவிட்டு உள்ளே முழுக்கச் சர்க்கரையைப் பேசும் புத்தகம் உங்கள் கையில் சிக்கவே சிக்காது. ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கினாலும் இதே கதைதான். அதிலும் நம் பெயர்களில் இனிஷியலை எடுத்துக்கொள்வதா பெயரை எடுத்துக்கொள்வதா, புனைபெயரா இயற்பெயரா என்ற வழக்கு வேறு இருக்கிறது.

அகர வரிசை, புத்தகத்தின் பெயர் தெரிந்து வருகிறவருக்கு உதவும். கணினித் தேடலும் பெரும்பாலும் அவருக்குத்தான் உதவுகிறது. ஆனால் நூலகத்துக்குள் நுழைபவர்களில் ஏராளமானோருக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது. விஷயம் மட்டும்தான் தெரியும், சில சமயம் அதுவும் அரைகுறையாக. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் பகுப்பு முறை அவர்களுக்காக ஏற்பட்டது.

616.462ஐப் பிரித்துப் பார்ப்போம். இது அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி உருவாக்கிய தசமப் பகுப்பு முறையில் வரும் எண். அறிவுத்துறைகள் அனைத்தையும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளில் அது அடக்குகிறது. 600 என்றால் தொழில்நுட்பம், பயன்பாட்டு அறிவியல். அதில் 610 மருத்துவம். அதற்குள் 616 நோய்கள். 616.4 நாளமில்லாச் சுரப்பிகள் முதலியவற்றின் நோய்கள். 616.46 கணையத்தின் இன்சுலின் சுரப்பு சார்ந்த கோளாறுகள். 616.462 நீரிழிவு. ஒவ்வொரு இலக்கமும் ஒரு படி உள்ளே இறங்குகிறது. தலைப்பில் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், நீரிழிவு நோயைப் பேசுகிற புத்தகங்கள் எல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்துவிடும்.

இனி அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். இடது பக்கம் கொஞ்சம் தள்ளி 616.44, தைராய்டு. அதற்கு முன்னால் 616.12, இதயம். வலது பக்கம் 616.61, சிறுநீரகம். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் 617.7, கண். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் எவையெல்லாம் கெடும் என்று டாக்டர் பட்டியல் போடுவாரோ, அவற்றில் முக்கால்வாசி ஒரு நடுத்தர நூலகத்தில் நாலெட்டு நடக்கிற தூரத்துக்குள் கிடைக்கும். தேடி வந்தது ஒன்று, கண்ணில் படுவது பத்து. கணினித் திரையில் தலைப்பைத் தட்டியவருக்கு இது கிடைப்பதில்லை.

இப்படி அக்கம்பக்கம் அமைவதற்கு நம் நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அழகான விளக்கம் ஒன்று கொடுத்திருக்கிறார். கிரகணத்தின் போது விழும் நிழலில் நடுவே முழு நிழல், அதைச் சுற்றி அரை நிழல், அதற்கு அப்பால் வெளிச்சம். அடுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் அவர். நீங்கள் கேட்ட பொருள் நடுவில் இருக்கும். அதற்கு நெருங்கிய உறவுடையவை இருபுறமும் நிற்கும். நகர நகர உறவு தேய்ந்துகொண்டே போய், கடைசியில் சம்பந்தமே இல்லாத பொருள் வரும். நல்ல பகுப்பா கெட்ட பகுப்பா என்று சோதிக்க, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஒரு புத்தகத்தைத் தொட்டு, அதற்கு இடமும் வலமும் இருப்பவற்றை எடுத்துப் பாருங்கள். உறவு தெரிந்தால் பகுத்தவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

வாசகர் நேரே அடுக்குக்குப் போகாத இடத்தில் இதெல்லாம் தேவையே இல்லை. நியூயார்க் பொது நூலகத்தின் நிலத்தடிச் சேமிப்பு அடுக்குகளில் புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே உயரமுள்ளவற்றைச் சேர்த்தால் இடம் மிச்சமாகும். எது எங்கே என்பது கணினிக்குத் தெரியும், ஊழியர் போய் எடுத்து வருவார். அங்கே சமையல் புத்தகமும் சட்டப் புத்தகமும் தோளோடு தோள் உரசி நிற்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே கணினி வந்த பிறகு பகுப்பு எதற்கு என்றால், திறந்த அடுக்கு இருக்கிற வரைக்கும் அது வேண்டும் என்பதுதான் என் பதில்.

டியூயிக்கு முன்னால் நிலைமை வேறு. பல நூலகங்களில் புத்தகத்துக்குக் கொடுத்த எண் அலமாரியைக் குறித்தது: இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு, இத்தனையாவது புத்தகம். தட்டு நிறைந்துவிட்டால் புது வரவை வேறெங்காவது வைக்க வேண்டும், இல்லையென்றால் பழையவற்றுக்கெல்லாம் எண்ணை மாற்றி எழுத வேண்டும். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்த டியூயி, எண்ணை அலமாரியிலிருந்து கழற்றிப் புத்தகத்தின் பொருளில் மாட்டினார். 1876இல் அது 44 பக்கச் சிறு வெளியீடாக வந்தது. அதன் பிறகு அலமாரியை நகர்த்தலாம், கட்டடத்தையே மாற்றலாம், இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் ஆயிரம் புத்தகம் செருகலாம், எண் மாறாது. தசமப் புள்ளியின் வேலையும் அதுதான். 616.46க்கும் 616.47க்கும் நடுவில் எத்தனை எண் வேண்டுமானாலும் பிறக்கும்.

இந்தத் தசமத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் இடறுகிறார்கள். 641.5 முதலில் வருமா, 641.35 முதலில் வருமா? ஐந்தைவிட முப்பத்தைந்து பெரிது என்று நினைத்து வலது பக்கமாகத் தேடிக்கொண்டே போவார்கள். ரூபாயாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று 641 ரூபாய் 50 காசு, இன்னொன்று 641 ரூபாய் 35 காசு. 641.35தான் முன்னால் நிற்கும். 641.595482 என்கிற நீளமான எண்ணும் 642க்கு முன்னால்தான்.

அந்த நீள எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது தமிழ்நாட்டுச் சமையல். 641.5 சமையல், 641.59 என்றால் ஊர் நாடு வாரியான சமையல், அதன்பின் வரும் 5482 தமிழ்நாடு. 54 இந்தியா, 548 தென்னிந்தியா, 5482 தமிழ்நாடு. இந்த நாலு இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் நூலகத்தில் பல இடங்களில் அது தலைகாட்டும். 954.82 தமிழ்நாட்டு வரலாறு, 915.482 தமிழ்நாட்டுப் பயணம். இலங்கைக்கு 5493, ஆகவே இலங்கை வரலாறு 954.93, இலங்கைச் சமையல் 641.595493. தமிழ் மொழிக்கும் இப்படி ஒரு வால் உண்டு: 94811. தமிழ் மொழியியல், இலக்கணம் 494.811. தமிழ் இலக்கியம் 894.811. அதில் கடைசியில் 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. கேள்வியில் வந்த 894.8113 தமிழ் நாவல், சிறுகதை வரிசை. சின்னக் கிளை நூலகங்களில் இவ்வளவு தூரம் போகாமல் மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. இரண்டாயிரம் புத்தகத்துக்கு அது போதும்.

894.8113க்குள் போனால் நீங்கள் கேட்ட அகர வரிசை வந்துவிடுகிறது. நாவல் படிக்கிறவர் பொருளைத் தேடி வருவதில்லை, எழுத்தாளரைத் தேடி வருகிறார். ஆகவே பகுப்பெண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டு அந்த வரிசையில் அடுக்குகிறார்கள். முதுகுச் சீட்டின் இரண்டாவது வரி அதற்குத்தான். பாகம், பதிப்பாண்டு இருந்தால் மூன்றாவது வரியில் வரும். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டே போனால் எந்தப் புத்தகத்தையும் பிடித்துவிடலாம்.

இனி இந்த முறையின் குறைகள். அவை தெரியாவிட்டால் நூலகத்தில் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

தட்டு என்பது ஒரு கோடு. புத்தகம் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். ஆனால் புத்தகத்துக்கு ஒரே ஒரு பொருள் என்று எந்தச் சட்டமும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கான சமையல் புத்தகம் 616.462இல் இருக்காது. அது 641.56314, சமையல் அலமாரியில் இருக்கிறது. நோய் மருத்துவத்தில், சமையல் சமையலில். நெல்லை எடுத்துக்கொண்டால் சாகுபடி 633.18, நெல் விலையும் சந்தையும் 338.17318, அரிசிச் சமையல் 641.6318. டியூயி முதலில் துறையைப் பார்க்கிறார், பொருளை அதற்குப் பிறகுதான் பார்க்கிறார். ஒரே பொருள் துறைக்குத் துறை சிதறும். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் பகுப்பு அட்டவணையோடு ஒரு சொல்லடைவும் கொடுத்தார்: நெல் என்ற சொல்லின் கீழ் அது எந்தெந்தத் துறையில் எந்தெந்த எண்ணில் வருகிறது என்று எல்லாம் இருக்கும். நூற்பட்டியலில் பொருள் தலைப்பைக் கொண்டு தேடினாலும் இதே பலன் கிடைக்கும். கணினி உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். அது சிதறிய இடங்களைக் காட்டிக்கொடுக்கும், போய் நின்று துழாவுவது உங்கள் வேலை.

சில சிதறல்களை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மொழி 400இல், இலக்கியம் 800இல். தொல்காப்பிய ஆராய்ச்சி ஓரிடம், சங்கப் பாடல்கள் இன்னோரிடம், நடுவில் இயற்பியலும் கோழி வளர்ப்பும் ஓவியமும். தமிழ் படிக்கிற மாணவர் இரண்டு அலமாரிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். தேவாரத்தை எங்கே வைப்பது? பக்திப் பாடல் என்றால் 894.811, சைவ சமய நூல் என்றால் 294.5. இரண்டும் சரி. ஒரு நூலகத்தில் இங்கே கிடைத்தது இன்னொன்றில் அங்கே கிடைக்கும். இன்னொன்று: இலக்கியத்தை அது எழுதப்பட்ட மூல மொழியை வைத்துத்தான் டியூயி பகுக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த திருக்குறள் தமிழ்க் கவிதையோடு நிற்கும், தமிழில் மொழிபெயர்த்த ருஷ்ய நாவல் 891.73இல் ருஷ்யாவோடு நிற்கும். தமிழ்ப் புத்தகங்களைத் தனிப் பகுதியாக வைத்திருக்கும் நூலகத்தில் அந்தப் பகுதிக்குள்ளேயே 891.73 என்று தனியாக ஒரு தட்டு இருக்கலாம். மொழிபெயர்ப்பு நாவல் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை, யார் உட்கார்ந்து உலகத்தைப் பிரித்தார் என்பது. 200 சமயம். அதில் 220 முதல் 280 வரை ஏழு பிரிவுகள் கிறிஸ்தவத்துக்கு. மிச்சமுள்ள உலகச் சமயங்கள் அத்தனைக்கும் 290 ஒன்றுதான். பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. கோயில் ஊர் நூலகத்தில் சமய அலமாரியைப் பார்த்தால் 294.5 என்று தொடங்கும் எண்கள்தான் சுவர் முழுக்க இருக்கும், சைவமா வைணவமா என்று சொல்ல புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கம் வரை போக வேண்டும். வைணவம் 294.5512, சைவம் 294.5513. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அடுக்கில் என்ன புத்தகம் இருந்ததோ அதற்கு ஏற்ற இடம் ஒதுக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இடம் குறைவது ஒரு பிரச்சினை என்றால், தவறான இடத்தில் தள்ளப்படுவது இன்னொரு பிரச்சினை. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் டோரதி போர்ட்டர் 1930இல் பொறுப்பேற்றபோது, கறுப்பின மக்கள் தொடர்பான புத்தகங்களை மற்ற நூலகங்கள் 326 என்ற அடிமை முறைப் பிரிவிலும் 325 என்ற குடியேற்றப் பிரிவிலும் போட்டுவந்தன. கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதைத் தொகுப்புக்கும் அதே 325. போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்துத் தன் நூலகத்தை மறுபடி பகுத்தார். ஒரு கவிதைப் புத்தகம் எந்தத் தட்டில் நிற்கிறது என்பதை வைத்தே அதை எழுதியவரைக் கவிஞர் என்று மதிக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றால், பகுப்பெண்ணை வெறும் நிர்வாக விஷயம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குறைகளையெல்லாம் பார்த்துவிட்டு வேறு வழி யோசித்தவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறார். அதே சில தகடுகள், கம்பிகள், திருகுகள், மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே எண் எழுதிவைக்கிற அட்டவணை எதற்கு, சிறு சிறு துண்டுகளைக் கொடுத்துவிட்டால் பகுப்பவர் தேவைக்கேற்பப் பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அப்படித்தான் பிறந்தது. துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளி, அதனால் அந்தப் பெயர்.

எந்தப் பொருளையும் ஐந்து கோணங்களில் பிரிக்கலாம் என்றார்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். பாடங்களில் காலங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது: '1950இல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர் சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி'. மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ் கதிருக்கு 253, பிறகு ஆராய்ச்சிக்கு ஒரு குறி, இந்தியாவுக்கு 44, ஆண்டுக்கு ஒரு குறி, நடுநடுவே காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி. வாக்கியம் முழுவதையும் எண்ணாக்கிவிட்டார். டியூயியில் நடுவே மூன்று துறை குறுக்கிட்ட இலக்கியமும் மொழியும் இவர் அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

பிறகு ஏன் ஊரெல்லாம் டியூயி? மேலே சொன்ன எண்ணை ஒல்லியான புத்தகத்தின் முதுகில் எழுதிப் பாருங்கள், புரியும். வாசகர் அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போவதற்குள் ஒரு புள்ளியைத் தவறவிடுவார். டியூயியைத் தொடர்ந்து புதுப்பிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது, உலகமெங்கும் அதே எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள், நூலகருக்கு வேலை மிச்சம். ரங்கநாதனின் முறை தட்டில் தோற்றது என்றே சொல்வேன். ஆனால் இணையக் கடையில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை, துணி என்று ஓரத்தில் தட்டித் தட்டி வடிகட்டுகிறீர்களே, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துத் தேவைப்படி சேர்க்கும் அந்தச் சிந்தனையை முறையாக வகுத்தவர் அவர்தான். ஒற்றைக் கோடாக இல்லாத இடத்தில் அது தாராளமாக ஓடுகிறது.

இனி, நடைமுறைக்கு. முதலில் கணினியிலோ அட்டைப் பட்டியலிலோ உங்கள் விஷயத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்டுபிடியுங்கள். அது நல்ல புத்தகமா என்று கவலைப்பட வேண்டாம். அதன் எண்ணை முழுதாக, புள்ளியோடு, எழுத்துகளோடு குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியின் பக்கவாட்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று பலகை இருக்கும், அதைப் பார்த்துப் போங்கள். தட்டுக்கு முன்னால் நின்றபின் அந்த ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு திரும்பிவிடாமல், அதே எண்ணில் இருப்பவை அனைத்தையும் புரட்டுங்கள். போதவில்லையென்றால் எண்ணின் கடைசி இலக்கத்தை மனதுக்குள் அழித்துவிட்டு, ஒரு படி மேலே உள்ள பொதுவான எண்ணுக்குப் போங்கள். நீரிழிவுக்குத் தனிப் புத்தகம் இல்லாவிட்டாலும் 616.4இல் ஒரு பெரிய புத்தகத்தில் அதற்கு ஐம்பது பக்கம் இருக்கலாம்.

எண் சரி, தட்டு சரி, புத்தகம் மட்டும் இல்லை என்றால் இரவல் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அதே தட்டில் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரம் பாருங்கள், பிறகு மேல் தட்டு, கீழ்த்தட்டு. குறிப்புதவிப் பகுதி, புது வரவு, பெரிய அளவுப் புத்தகங்கள் இவற்றுக்குத் தனி வரிசை இருக்கும், அங்கேயும் அதே எண்ணில் தேட வேண்டும். வாசகர்கள் படித்துவிட்டுப் போட்ட மேசையையும் விட்டுவிடாதீர்கள். காணாமல் போனதாக நினைக்கும் புத்தகங்களில் பல, யாரோ நல்ல மனதோடு தவறான தட்டில் திருப்பிச் செருகியவைதான். 641ஐ 614இல் வைத்துவிட்டால், அடுத்த முறை ஊழியர் தட்டு தட்டாக வரிசை சரிபார்க்கும் வரை அது கணினியில் இருக்கும், கையில் கிடைக்காது. அதனால்தான் பல நூலகங்களில் எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடச் சொல்கிறார்கள். அதை உரிய இடத்தில் வைப்பது ஊழியர் பொறுப்பு.